தாய்ப்பால் - குழந்தைக்கு மட்டும்தானா?

என் அக்கா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சமயம். குழந்தை பிறந்து பத்துப் பதினைந்து நாள்தான் ஆகியிருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு வாசலில் யாரோ கூப்பிடும் சத்தம். போய்ப் பார்த்தால் எதிர்வீட்டுப் பாட்டி, கையில் ஒரு வெள்ளிப் பாலாடையோடு நிற்கிறாள்.

"ஏம்மா, பேரனுக்குக் கண் பொங்கி இமை ஒட்டிக் கிடக்கு. உன் பொண்ணுகிட்டே ரெண்டு சொட்டுப் பால் வாங்கிக் குடேன். ஆம்பிளைப் பிள்ளை பெத்தவ பாலா இருந்தா சட்டுனு கேக்கும்" என்றாள் என் அம்மாவிடம்.

அக்கா உள்ளே போய்ப் பாலைப் பீய்ச்சிக் கொடுத்தாள். மறுநாள் பின் வீட்டிலிருந்து ஒருத்தி காதுவலிக்கு வந்தாள். அடுத்த வாரம் குளவி கொட்டிய சிறுவனைத் தூக்கிக்கொண்டு இன்னொருத்தி. "நம்ம வீடு மருந்துக்கடை ஆயிடுத்து போ!" என்று அம்மா சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு ஒருநாள் நின்றுபோனது. கதிரடிக்கும்போது கண்ணில் நெல் உமி விழுந்து, அதற்கு மருந்தாகப் பால் கேட்டு ஒரு அம்மாள் வந்தாள். ஏழெட்டு நாள் விடாமல் வந்து வாங்கிப் போனாள். வலி தாங்காமல் கடைசியில் கண்ணாஸ்பத்திரிக்குப் போனபோது, "முதல் நாளே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமே" என்றார்களாம். அந்தக் கண்ணில் பூ விழுந்துவிட்டது. "நான் கொடுத்த பால்தானே" என்று அக்கா இன்றைக்கும் சொல்லி வருத்தப்படுவாள்.

தாய்ப்பாலைக் குழந்தைக்குக் கொடுப்பதைத் தவிர வேறு எதற்கெல்லாம் உபயோகிக்கலாம்? எதற்கு உபயோகிக்கவே கூடாது? இது நம் வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்க வேண்டிய கேள்வி. டாக்டரிடமும் கேட்க வேண்டிய கேள்வி. இருவர் சொல்வதையும் சேர்த்துப் பார்ப்போமா?

எகிப்திலும் ஒரு பாட்டி!

இது நம் ஊர் வழக்கம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். சுமார் 3,500 வருஷங்களுக்கு முன் எகிப்தில் எழுதப்பட்ட 'ஈபர்ஸ் பாபிரஸ்' என்ற மருத்துவச் சுவடியில், தீக்காயத்துக்கான ஒரு வைத்தியத்தில் ஆண் குழந்தை பெற்றவளின் பாலைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறது. எதிர்வீட்டுப் பாட்டி சொன்ன அதே நிபந்தனை! (பிள்ளை ஆணா பெண்ணா என்பதற்கும் பாலின் மருந்துக் குணத்துக்கும் சம்பந்தம் கிடையாது. பெண் குழந்தை பெற்ற சகோதரிகள் கவலைப்பட வேண்டாம்.)

நம் சித்த வைத்தியத்திலும் முலைப்பாலுக்குத் தனி இடம் உண்டு. சில மருந்துகளை இழைத்துக் கொடுக்கவும், அனுபானமாகவும் அதைச் சொல்லியிருக்கிறார்கள்.

பெரியவர்களின் நம்பிக்கையில் ஓர் உண்மையும் இருக்கிறது. தாய்ப்பாலில் கிருமியின் மேலுறையை உடைக்கும் 'லைசோசைம்' இருக்கிறது. கிருமிக்குத் தேவையான இரும்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் 'லாக்டோஃபெரின்' இருக்கிறது. நோய் எதிர்ப்புப் புரதங்களும், உயிருள்ள வெள்ளை அணுக்களும் இருக்கின்றன. ஆனால் அதே பாலில், 100 மில்லிக்குச் சுமார் 7 கிராம் சர்க்கரையும் இருக்கிறது. தாயின் தோலிலிருந்தும் பாத்திரத்திலிருந்தும் சேரும் கிருமிகளும் உண்டு. கிருமியை எதிர்க்கும் பொருளும், கிருமிக்குத் தீனியாகும் பொருளும் ஒன்றாகவே இருக்கின்றன. அதனால்தான் எங்கே விடுகிறோம், யாருக்கு விடுகிறோம் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

கண்ணில் விடலாமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பதில் கண்ணுக்கு என்ன என்பதைப் பொறுத்தது.

கைக்குழந்தைகளுக்குக் கண்ணீர்க் குழாய் சரியாகத் திறக்காமல், கண்ணோரத்தில் பீளை கட்டுவது சகஜம். கண் சிவக்காது, இமை வீங்காது. தூங்கி எழுந்தால் ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தானாகச் சரியாகிவிடும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளின் கண் பீளைக்குத் தாயின் பாலையும் ஒரு சொட்டு மருந்தையும் ஒப்பிட்டு ஜப்பானில் ஓர் ஆய்வு செய்தார்கள். 2021இல் வெளிவந்த அந்த ஆய்வில், பால் அந்தச் சொட்டு மருந்துக்குக் குறைந்ததாக இல்லை. அது பெற்ற தாயின் பால், சொந்தக் குழந்தைக்கு, டாக்டர் பார்த்த பிறகு. இந்த மூன்றையும் மறந்துவிடக் கூடாது. வெந்நீரை ஆறவைத்து, சுத்தமான பஞ்சில் நனைத்துத் துடைத்துவிட்டு, கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் விரலால் மெதுவாக நீவிவிடுவதே பெரும்பாலான குழந்தைகளுக்குப் போதும். எப்படி நீவுவது என்று டாக்டரையே செய்து காட்டச் சொல்லுங்கள்.

பிறந்த சில நாள்களில் இமை வீங்கிச் சீழாக வடிந்தால் அது வேறு விஷயம். பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றும் சில கிருமிகள் ஓரிரு நாளிலேயே கருவிழியைத் துளைத்துவிடக் கூடியவை. பால் விட்டுப் பார்ப்போம், நாளைக்குப் போவோம் என்று இருக்கவே கூடாது. அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

'மெட்ராஸ் ஐ' எனப்படும் கண்வலிக்குத் தாய்ப்பால் நன்றாகக் கேட்கிறது என்பார்கள். அது பெரும்பாலும் வைரஸால் வருவது. எதுவும் விடாவிட்டாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே இறங்கிவிடும். பால் விட்டிருந்தால் பாலுக்குப் பெயர் வந்துவிடுகிறது!

வயலிலோ, களத்திலோ, விறகு உடைக்கும்போதோ கண்ணில் உமி, இலை, குச்சி பட்டால் பாலும் வேண்டாம், விளக்கெண்ணெயும் வேண்டாம். சுத்தமான தண்ணீரில் கழுவிவிட்டுக் கண் டாக்டரிடம் போகவேண்டும். தாவரப் பொருள் பட்ட கீறலில் பூஞ்சைக் கிருமி புகுந்து கருவிழிப் புண் உண்டாவது நம் பக்கத்தில் அதிகம். அந்தப் பூஞ்சைக்குத் தனி மருந்து உண்டு. பால் விட்டுக் கழிக்கும் ஒவ்வொரு நாளும் பார்வையில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டே போகும்.

காது, மூக்கு

காதுவலி பெரும்பாலும் செவிப்பறைக்கு உட்புறம் சீழ் கோத்துக்கொள்வதால் வருவது. வெளியிலிருந்து விடும் பால் அங்கே போகவே போகாது. செவிப்பறையில் ஓட்டை விழுந்திருந்தால் போய்விடும். அது இன்னும் ஆபத்து. ஆகவே காதில் பால் வேண்டாம்.

ஜலதோஷம் பிடித்த குழந்தைக்கு மூக்கில் பாலை நேராகப் பீய்ச்சுகிறார்கள். பச்சைக் குழந்தைக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தே போதும். எண்ணெய் விடுவது அதைவிட மோசம். நுரையீரலில் இறங்கி நிமோனியா ஆகிவிடும்.

உரைகல்லில் இழைப்பது

வசம்பு, மாசிக்காய், ஜாதிக்காய், கடுக்காய், சுக்கு இவற்றைக் கல்லில் ஒவ்வொரு இழைப்பாகத் தாய்ப்பால் விட்டு இழைத்து, நாக்கில் தடவும் 'உரை மருந்து' நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிறது. "நீயும் இதைச் சாப்பிட்டுத்தானே வளர்ந்தே?" என்று மாமியார் கேட்டால் என்ன பதில் சொல்வது?

இன்றைய டாக்டர்கள் சொல்வது இதுதான்: ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் வேண்டாம், டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்தைத் தவிர. எத்தனை இழைப்பு என்பது கைக்குக் கை மாறும். ஜாதிக்காய் அதிகமானால் குழந்தை மயங்கித் தூங்கும். ஈரக் கல்லிலும் பழைய மருந்துத் துண்டிலும் கிருமி இருக்கும். மாமியாரிடம் வாக்குவாதம் வேண்டாம். "ஆறு மாசம் போகட்டும் அத்தை, டாக்டர்கிட்டே நீங்களும் வாங்க, சேர்ந்தே கேட்போம்" என்று அழைத்துப் போங்கள். டாக்டர் நேரில் சொன்னால் பெரியவர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

இதற்கெல்லாம் தாராளமாக!

வேண்டாம் வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டு போகிறேனே என்று அலுத்துக்கொள்கிறீர்களா? இதோ, பயமில்லாமல் செய்யக் கூடியவை.

முலைக்காம்பு வெடிப்பு: பால் கொடுத்து முடித்ததும் கடைசியாக வரும் கெட்டிப் பாலில் ஓரிரு சொட்டுக் காம்பில் தடவிக் காற்றில் உலர விடுங்கள். ஆனால் வெடிப்புக்குக் காரணம் பெரும்பாலும் குழந்தை சரியாகப் பிடிக்காததுதான். காம்பை மட்டும் இல்லாமல் கருவட்டத்தின் பெரும்பகுதியும் குழந்தையின் வாய்க்குள் போகும்படி வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சரிசெய்யாமல் எதைத் தடவியும் பிரயோஜனமில்லை.

துணி கட்டும் இடத்தில் சிவப்பு: ஈரத் துணியால் தொடையிலும் பின்புறத்திலும் லேசாகச் சிவந்திருந்தால், கழுவித் துடைத்து உலர்த்தி, தாய்ப்பால் தடவலாம். ஈரானில் செய்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், இது ஒரு சதவீத ஹைட்ரோகார்டிசோன் களிம்புக்கு ஈடாக வேலை செய்தது. மடிப்புகளில் நல்ல சிவப்பாகி ஓரத்தில் பொடிப்பொடியாகப் புள்ளி தெரிந்தால் அது பூஞ்சை. அதற்குப் பால் உதவாது, டாக்டரிடம் காட்டுங்கள்.

தொப்புள்கொடி: பால் தடவினால் சீக்கிரம் உதிர்கிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் உலக சுகாதார நிறுவனம் சொல்வது, சுத்தமாக, ஈரமில்லாமல் விட்டுவிடுவதே நல்லது என்பதுதான். சாம்பல், சாணம், மஞ்சள் எதுவும் வேண்டாம்.

தடுப்பூசி வலி: பலருக்குத் தெரியாத உபயோகம் இது. ஊசி போடுவதற்குச் சற்று முன்பே குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு, ஊசி போடும்போதும் பால் குடிக்க விட்டால் அழுகை வெகுவாகக் குறைகிறது. பல நாடுகளில் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து உறுதி செய்திருக்கிறார்கள். அடுத்த தடவை நர்ஸிடம், "சிஸ்டர், பால் கொடுத்துக்கிட்டே இருக்கேன், அப்படியே போடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். போலியோ சொட்டு மருந்து கொடுத்தாலும் உடனே பால் கொடுக்கலாம். அரை மணி நேரம் காத்திருக்கத் தேவையில்லை.

பெரியவர்கள் குடிக்கலாமா?

தாய்ப்பால் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது தெரியுமா? ஸ்வீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தில் கதரீனா ஸ்வான்போர்க் என்ற பெண் விஞ்ஞானியின் குழுவினர், பாலில் உள்ள ஒரு புரதம் ஒருவகைக் கொழுப்பு அமிலத்தோடு சேரும்போது புற்றுநோய்ச் செல்களைக் கொல்வதைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். 'ஹாம்லெட்' என்று அதற்குப் பெயர். ஆராய்ச்சி தொடர்ந்து நடக்கிறது. ஆனால் அது சோதனைக்கூடத்தில் பிரித்துத் தயாரிக்கும் பொருள். பாலைக் குடித்தால் அந்தக் குணம் கிடைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நோயாளிக்கு என்று யாராவது காசு கொடுத்துப் பால் கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

எல்லாவற்றிலும் பெரிய உபயோகம்

இனிமேல் சொல்லப் போவதுதான் இந்தக் கட்டுரையின் முக்கிய விஷயம்.

அன்றைக்குத் தெருவுக்கெல்லாம் பால் கொடுத்த என் அக்கா இப்போது பாட்டி. அவளுடைய மகளுக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. குழந்தை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். உள்ளங்கையில் அடங்கிவிடும் போலிருந்தது. தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறிப்போய் இரண்டு நாள் தனி வார்டில். பால் ஊறவில்லை. "பவுடர் பால் வாங்கி வரட்டுமா?" என்று அக்கா பதறினாள். "வேண்டாம்மா, பாங்க்லே பால் இருக்கு" என்றாள் நர்ஸ்.

இவ்வளவு சின்னக் குழந்தைகளுக்குக் குடல் சுவர் புண்பட்டு அழுகிப்போகும் ஒரு கொடிய நோய் வரலாம். தானமாகக் கிடைத்த தாய்ப்பாலைவிடப் பவுடர் பால் குடிக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கு இந்த நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது. பெற்றவளின் பால்தான் முதல்தரம். அது வரும்வரை இன்னொரு தாயின் பால் அடுத்தது.

முகம் தெரியாத யாரோ ஒரு பெண்ணின் பால், முதலில் மெல்லிய குழாய் வழியாகச் சில மில்லி சில மில்லியாகப் போயிற்று. குழந்தை கொஞ்சம் தேறியதும் நர்ஸ் ஒரு பாலாடையை எடுத்து வந்தாள். ஆம், அதே பாலாடை! உறிஞ்சத் தெம்பில்லாத குழந்தைக்குப் பாட்டில் நிப்பிளைவிட இதுதான் நல்லது என்று பெரிய ஆஸ்பத்திரிகளிலும் இதையே உபயோகிக்கிறார்கள். அக்கா அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லையாம்.

மூன்றாம் நாளிலிருந்து மகளுக்கே பால் ஊறத் தொடங்கியது. இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை பீய்ச்சிக் கொடுத்தாள். அந்தப் பேத்தி இன்று ஓடி விளையாடுகிறாள்.

பால் வங்கியில் என்ன நடக்கிறது?

உலகில் முதல் தாய்ப்பால் வங்கி 1909இல் வியன்னாவில் தொடங்கியது. ஆசியாவிலேயே முதலாவது நம் நாட்டில்தான் - 1989இல், மும்பை சயான் ஆஸ்பத்திரியில், டாக்டர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸின் முயற்சியால். தமிழ்நாட்டில் 2015இல் பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தபோது, அரசு ஆஸ்பத்திரிகளிலும் பால் வங்கிகள் திறக்கப்பட்டன.

அக்கம்பக்கத்தில் யாராவது நேராகக் கொடுத்தால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. எச்.ஐ.வி. போன்ற கிருமிகள் பால் வழியாகப் போகக் கூடியவை. ஆகவே வங்கியில் முதலில் தாயின் ரத்தத்தைச் சோதிக்கிறார்கள்: எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, மேகநோய் இவை இல்லை என்று தெரிய வேண்டும். பிறகு பாலை 62.5 டிகிரி சூட்டில் 30 நிமிஷம் வைத்துச் சட்டென்று குளிரவைக்கிறார்கள். அதிலிருந்து ஒரு துளி எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கிறார்கள். பிறகுதான் மைனஸ் 20 டிகிரியில் உறையவைத்துச் சேமிக்கிறார்கள். சூட்டில் சில சத்துக்கள் குறைந்தாலும், குழந்தையின் குடலைக் காக்கும் பல பொருள்கள் தங்கிவிடுகின்றன.

தன் குழந்தை வயிறாரக் குடித்தபிறகும் பால் மிஞ்சுகிற, ஆரோக்கியமான எந்தத் தாயும் கொடுக்கலாம். புகை, மது பழக்கம் இருந்தாலோ, சில மருந்துகள் சாப்பிட்டாலோ எடுத்துக்கொள்ள மாட்டார்கள். "கொடுத்தா என் குழந்தைக்குக் குறைஞ்சுடுமே" என்ற பயம் வேண்டாம். பால் எடுக்க எடுக்க ஊறும். அரை டம்ளர் பால், ஒரு கிலோக் குழந்தைக்குப் பிறந்த புதிதில் ஒரு நாளுக்கு மேல் காணும்.

இதில் பணம் வாங்குவதோ கொடுப்பதோ இல்லை. தாய்ப்பாலை விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 மே மாதம் எச்சரித்திருக்கிறது.

வீட்டில் எடுத்து வைக்க

- கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கொதிக்கவைத்து ஆறிய, மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரத்தில் பீய்ச்சுங்கள்.
- வெளியே வைத்தால் 4 மணி நேரம். கோடை வெயிலில் அவ்வளவு கூட வேண்டாம். ஃபிரிஜ்ஜில் 4 நாள். கதவில் வைக்காமல் உள்ளே தள்ளி வையுங்கள். தேதி எழுதி ஒட்டுங்கள்.
- சூடாக்கப் பாத்திரத்தை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் போதும். அடுப்பில் காய்ச்சக் கூடாது.
- குழந்தை குடித்து மிஞ்சியதைத் திரும்ப வைக்கக் கூடாது. அதைத் தானமாகவும் கொடுக்க முடியாது.
- தானம் கொடுப்பதானால் முதலில் வங்கிக்குப் போய்க் கேளுங்கள். பாத்திரமும் முறையும் அவர்களே சொல்வார்கள்.

மடி வெறுமையானபோது

எழுதத் தயக்கமாக இருந்தாலும் இதையும் சொல்ல வேண்டும். குழந்தை தங்காமல் போன தாய்க்கும் இரண்டு மூன்று நாளில் பால் கட்டிக்கொள்ளும். அந்த வேதனையை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். பாலை வற்றச்செய்ய நம் வீடுகளில் மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவார்கள். இது வெறும் நம்பிக்கை இல்லை. 1988இல் வெளியான ஓர் ஆய்வில், பால் வற்றுவதற்கான மாத்திரையோடு ஒப்பிட்டபோது, பால் கட்டுவதைக் குறைப்பதில் பூவும் ஈடுகொடுத்தது.

சில தாய்மார்கள் வேறு வழி தேர்ந்தெடுக்கிறார்கள். கொஞ்ச நாள் அந்தப் பாலை வங்கிக்குக் கொடுத்துவிட்டு, மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்துகிறார்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்று யாரும் வற்புறுத்தக் கூடாது. கொடுக்கிறேன் என்று அவளாகச் சொன்னால், "உனக்கெதுக்கு இந்த வேலை" என்று தடுக்கவும் கூடாது.

என் அக்கா மகள், குழந்தை வீட்டுக்கு வந்தபிறகு மூன்று மாதம் வங்கிக்குப் பால் கொடுத்தாள். ஒவ்வொரு வாரமும் ஐஸ் போட்ட டப்பாவைத் தூக்கிக்கொண்டு கூடப் போனது அக்காதான்.

"அன்னிக்கு ஒருத்தி கண்ணுக்குன்னு கொடுத்து மனசு நொந்துபோச்சு. இப்போ எந்தக் குழந்தைக்குப் போறதுன்னு தெரியலே. ஆனா வயித்துக்குள்ளேதான் போறது, அது போதும்" என்றாள் என்னிடம்.

உங்கள் வீட்டிலும் பால் மிஞ்சுகிறதா? அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது, அந்த ஆஸ்பத்திரியில் பால் வங்கி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்களேன்!